ஞாயிற்றுக்கிழமையும் வந்த மூன்று பிள்ளைகள்

அந்த மனிதர் என் ஜெராக்ஸ் கடைக்கு முதல்முறை வந்தபோது மூன்று ஆதார் அட்டைகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். மூன்றிலும் எழுத்து வட்ட வட்டமாக இருந்தது. தமிழ் இல்லை, கன்னடம் இல்லை, தெலுங்கும் இல்லை. என் கடைக்கு வருகிறவர்களில் பல பேர் வீட்டில் ஒன்று பேசுவார்கள், என்னிடம் ஒன்று பேசுவார்கள். அதனால் இந்த மூன்று எழுத்தும் எனக்குப் பழக்கம். ஒடியா எழுத்தை அன்றுதான் பார்த்தேன்.

எத்தனை காப்பி என்று கேட்டேன். இரண்டு விரலைக் காட்டினார். பிறகு வாசல் பக்கம் கையை நீட்டி, "ஸ்கூல்," என்றார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு சொல்தான். வாசலில் ஒரு பெண், அவளைவிடச் சின்னதாக ஒரு பெண், அவளையும்விடச் சின்னதாக ஒரு பையன், உயரப்படி நின்றார்கள். பெரியவளுக்குப் பத்து வயதிருக்கும். என் ஜெராக்ஸ் மிஷினில் பச்சை விளக்கு ஓடுவதைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

காரிமங்கலம் போகும் சாலையில், எங்கள் ஊர் முடிகிற இடத்தில் ஒரு தேங்காய் நார் மில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் அங்கே வேலை. பிள்ளைகள் எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தார்கள். பெரியவள் நான்காம் வகுப்பு, என் மகளுக்குப் பக்கத்து இடம்.

இதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு முப்பத்தைந்து வயதில் பிறந்த ஒரே மகள் அவள். நான் பி.எஸ்சி. படித்தவள். தனியார் பள்ளியில் சேர்க்காமல் விட்டோமே, இவளுக்கு ஆங்கிலம் வருமா என்று தினமும் கவலைப்படுகிறவள். என் கணவர் ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். "பயப்பட ஒண்ணும் இல்லைன்னா அதுக்கும் ஒரு தடவை பயந்துக்குவே," என்று போனில் சிரிப்பார். தமிழே தெரியாத பெண் பக்கத்தில் உட்கார்ந்தால் என் மகளும் பின்தங்கிவிடுவாள் என்று தோன்றியது. தலைமை ஆசிரியையிடம் போய் இடம் மாற்றிவிடச் சொன்னேன்.

"ரெண்டு வாரம் பாக்கலாங்க," என்றார் அவர். "இங்கிலீஷ் பாடத்துல ரெண்டு பேரும் ஒண்ணுதான். ரெண்டு பேருக்கும் தெரியாது."

சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்காமல் வந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அவரிடம் கேட்க மறந்துபோனேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு பெற்றோர் உறுப்பினர். ஆகஸ்டு மாதக் கூட்டத்தில் தலைமை ஆசிரியை ஒரு விஷயத்தைச் சொன்னார். மில் பிள்ளைகள் மூன்று பேரும் நன்றாகவே வருகிறார்கள், ஆனால் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவதில்லை. பெரியவளைக் கேட்டால் "சந்தைங்க" என்று மட்டும் சொல்கிறாளாம். காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மில்லுக்கு வார விடுமுறை செவ்வாய், ஏனென்றால் அன்றுதான் சந்தை. குடும்பத்தோடு சந்தைக்குப் போய்விடுகிறார்கள்.

"படிப்புல அக்கறை இல்லீங்க, அவ்வளவுதான்," என்றார் ஒருவர். நான் தலையாட்டினேன். மினிட்ஸ் நோட்டில் கையெழுத்துப் போட்டோம். டீ வந்தது.

அந்த மாதம்தான் என் மகளுக்குத் திடீரென்று நிறையத் தோழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு தோழி வீட்டுக்கு விளையாடப் போகிறேன் என்று கிளம்புவாள். பன்னிரண்டரைக்குச் சரியாக வந்துவிடுவாள். கையெல்லாம் சுண்ணாம்புக்கட்டித் தூள் ஒட்டியிருக்கும். கேட்டால், "டீச்சர் வெளாட்டும்மா," என்பாள். அதில் பொய்யே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, அவள் தண்ணீர் பாட்டிலை மறந்து வைத்துவிட்டுப் போனாள். இரண்டு தெரு தூரத்தில் இருக்கும் வீட்டில் தண்ணீர் இருக்கும்தான். ஆனாலும் எடுத்துக்கொண்டு போனேன். நான் அப்படித்தான்.

தோழியின் அம்மா வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். "பாப்பாவா? இங்க எங்கக்கா வந்தா. அவ எங்க வூட்டுப் பக்கம் வந்தே ரெண்டு மாசம் ஆச்சே," என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் தேடினேன். எங்கள் ஊரில் எத்தனை கிணறு இருக்கிறது என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். கைப்பிடிச் சுவர் இல்லாதவை எவை என்றும் பார்த்தேன். மளிகைக் கடை, தண்ணீர்த் தொட்டி, கோவில், ஆழ்துளைக் கிணறு போட்ட இடம், சாலையில் பஸ் நிற்கும் இடம் எல்லாம் ஓடினேன். பஸ் நிற்கும் இடத்தில் இளநீர் விற்கிறவர், "மில்லு புள்ளைங்களோட போனாப்பல இருந்துச்சுங்க," என்றார்.

நின்ற இடத்திலேயே போனை எடுத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி போட்டேன். என்ன சொன்னேன் என்பது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "பாப்பாவக் காணோம். மில்லுல இருக்கற வடக்கத்திக்காரங்க கூட்டிட்டுப் போனாங்களாம். யாராச்சும் போய்ப் பாருங்க." பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்று அவ்வப்போது வரும் வீடியோக்களைப் பார்த்து, "படிச்சவங்க இதையெல்லாம் நம்பக் கூடாது," என்று கடையில் மற்றவர்களுக்குச் சொன்னவள் நான்தான். "மில்லு புள்ளைங்களோட" என்று இளநீர்க்காரர் சொன்னது, என் வாயிலிருந்து வரும்போது "வடக்கத்திக்காரங்க" என்று ஆகியிருந்தது.

பத்து நிமிடத்தில் ஆறேழு பைக் மில்லுக்குப் போய்விட்டது. நான் அதே திசையில் ஓடிக்கொண்டிருந்தேன். வழியில்தான் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் பிள்ளை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? அங்கே தேடவே இல்லை. தாண்டிப் போகும்போது உள்ளே இருந்து என் மகளின் குரல் கேட்டது.

"கையக் கட்டு. அங்க என்ன பேச்சு? சந்தக்கடையா இது?"

தலைமை ஆசிரியை பேசுவது மாதிரியே இருந்தது. கேட் பூட்டியிருந்தது. ஏறிக் குதித்தேன். நாற்பத்து நான்கு வயதில் சேலை கட்டிக்கொண்டு கேட் ஏறியதை நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது.

எங்கள் பள்ளியின் பின்பக்க வராந்தாவில், சுவரின் அடிப்பகுதி முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். தரையில் உட்கார்ந்து எழுதுகிற உயரம். கோடு போட்டுப் பிரித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம். மில் பிள்ளைகள் சேர்ந்தபோது கட்டங்கள் தீர்ந்துவிட்டிருந்தன. அவர்களுக்குச் சிலேட்டுதான். அன்று, ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில், அத்தனை கட்டங்களும் அவர்களுடையதாக இருந்தன. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மூன்று மூன்றாக எழுதியிருந்தார்கள். மரம், அதன் கீழே வட்ட எழுத்தில் ஒன்று, அதன் கீழே ஆங்கிலத்தில் 'ட்ரீ'. தண்ணீர், வட்ட எழுத்து, 'வாட்டர்'. வீடு, வட்ட எழுத்து, 'ஹவுஸ்'. ஆங்கிலம் என் மகள், பெரியவள் இருவர் கையெழுத்திலும் இருந்தது.

என்னைப் பார்த்ததும் பெரியவள் எழுந்தாள். மற்ற இரண்டு பேரும் எழுந்தார்கள். மூவரும் சேர்ந்து, பள்ளிக்கூடங்களில் இழுப்பார்களே அதே இழுப்பில், "கு...ட் மா...ர்னிங் மி...ஸ்," என்றார்கள்.

நான் என் மகளின் முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன். மற்ற மூன்று பேரும் நான் 'குட் மார்னிங்' சொல்லாததால் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்கள்.

விஷயம் துண்டு துண்டாக வெளியே வந்தது. ஜூலையில் ஒரு ஞாயிறு, என் மகள் முட்டை வாங்கப் போனபோது மூன்று பேரும் பையோடு கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்குப் பள்ளி இல்லை என்று இவள் சொன்னாள். தெரியும் என்றாள் பெரியவள். அப்புறம் ஏன் வந்தீர்கள்?

"அப்பாகிட்ட செவ்வாக்கெழமதான் லீவுன்னு சொல்லிட்டேங்க," என்று பெரியவள் அன்று என்னிடமே விளக்கினாள். மூன்று மாதத் தமிழ். பள்ளியில் ஆசிரியையிடம் பேசக் கற்றுக்கொண்ட தமிழ் என்பதால் எல்லோருக்கும் 'ங்க' போடுவாள், தன் தம்பிக்கும்கூட. "செவ்வாக்கெழம ஸ்கூல் இருக்குன்னு சொன்னா சந்தைக்குக் கூட்டிட்டுப் போமாட்டாருங்க."

செவ்வாய் லீவு என்றால் ஞாயிறு பள்ளி இருந்தாக வேண்டும். அதனால் ஞாயிறு காலை பையைத் தூக்கிக்கொண்டு தம்பி தங்கையோடு கிளம்பிவிடுவாள். கேட்டின் கம்பி இடைவெளியில் பிள்ளைகள் நுழைய முடியும். சந்தையையும் விடவில்லை, பள்ளியையும் விடவில்லை. இதைத்தான் 'அக்கறை இல்லை' என்று நாங்கள் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று குழுவில் இரண்டாவது செய்தி போட்டேன். கும்பிடு போட்ட கைகளும் கட்டைவிரல்களும் வரிசையாக வந்தன. அதற்குள் மில்லில் நடந்தது நடந்துவிட்டது. யாரும் அடிக்கவில்லை. ஆனால் வேலையில் இருந்த மனிதரை வெளியே இழுத்து வந்து சுற்றி நின்றிருக்கிறார்கள். போனைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் அறைக்குள் புகுந்து கட்டிலுக்கு அடியில் தேடியிருக்கிறார்கள். என்ன கேட்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. 'ஸ்கூல், ஸ்கூல்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாராம். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். யாரும் நம்பவில்லை, ஞாயிற்றுக்கிழமை அல்லவா.

திங்கட்கிழமை மூன்று பிள்ளைகளும் வரவில்லை. மாலை தலைமை ஆசிரியை கடைக்கு வந்தார். "ஊருக்கே திரும்பிப் போறாங்களாம். சூப்பர்வைசர் சொன்னாருங்க. வெள்ளிக்கெழம ரயிலாம்," என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

என் மகள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பொய் சொன்னது நானு. அவங்கப்பாவ எதுக்கும்மா புடிச்சாங்க?"

செவ்வாய் மாலை பள்ளி விட்டதும் அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போனேன். வேறு என்ன கொண்டுபோவது என்று தெரியாமல் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன். மில் ஓடாத நாள். ஓடாவிட்டாலும் நார்த்தூசி எல்லாவற்றின் மேலும் படிந்து கிடந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறைகளின் வரிசையில் கடைசி அறை. சந்தை நாள், ஆனால் அவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். மூட்டை ஒன்று பாதி கட்டியிருந்தது.

மொழிபெயர்க்கப் பெரியவளைத் தவிர யாரும் இல்லை. நான் முந்தின இரவு முழுக்க மனதில் எழுதி வைத்திருந்ததைச் சொன்னேன். என் தவறு, பயத்தில் பேசிவிட்டேன், அப்படிப் பேசியிருக்கக் கூடாது, பிள்ளைகளின் படிப்பை என்னால் நிறுத்தாதீர்கள், நான் இந்த ஊர்க்காரி, உங்களிடம் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன். நீளமாகச் சொன்னேன். பெரியவள் அப்பா பக்கம் திரும்பி நாலு வார்த்தை சொன்னாள்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"ஆமாங்க. எல்லாம் சொல்லிட்டேங்க."

அவர் தரையைப் பார்த்து வெகுநேரம் பேசினார். குரல் உயரவில்லை. பெரியவள் கேட்டுவிட்டு என்னிடம், "அப்பா பழத்துக்கு தேங்க்ஸ் சொல்றாருங்க," என்றாள். அவர் சொன்னது அதுவாக இருக்க முடியாது. எனக்கு எதையெல்லாம் சொல்லாமல் விடவேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

அடுப்புப் பக்கம் நின்ற அவர் மனைவி, காலியாக இருந்த காய் கூடையைக் காலால் தள்ளிக் காட்டி ஏதோ சொன்னார்.

"சமைக்கக் காய் இல்லீங்களாம். சந்தைக்குப் போவ அப்பாக்கு பயமா இருக்குதுங்க," என்றாள் பெரியவள்.

"நான் கூட வரேன். எல்லாரும் போலாம்," என்றேன். அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டார்.

அந்த அம்மா ஒரு ஒயர் கூடையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பிறகு என் மகளின் தோளைப் பிடித்துப் பாயில் உட்கார வைத்தார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நீ போய் வாங்கி வா. இவள் இங்கே இருக்கட்டும்.

அந்த அம்மா என்னைச் சோதித்தாரா, ஆளுக்கொரு வேலை என்று சாதாரணமாகத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. 'பாப்பாவும் வரட்டும், கூடை தூக்க ஆள் வேணும்' என்று சொல்ல வாயெடுத்தேன். என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்பது அவளுக்குத் தெரியும் என்ற பார்வை. கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சந்தைக்கு மூன்று கிலோமீட்டர். உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், ஒரு பூசணிக் கீற்று. விலை கேட்கவில்லை, பொறுக்கவும் இல்லை, அள்ளிப் போட்டதை வாங்கினேன். தக்காளிக்காரி என்னைத் தெரிந்தவள். "ஏங்க்கா, வூட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். போன நேரமும் வந்த நேரமும் சேர்ந்து நாற்பது நிமிடம். திரும்பும்போது அந்த வேகத்தில் நான் வண்டி ஓட்டியதே இல்லை.

அறை வாசலில் நான்கு பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் தொடையைத் தட்டிக்கொண்டு, "ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச," என்று ஒடியாவில் ஒன்று, இரண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் பொரி ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து, "அதுக்குள்ள வந்துட்டியா?" என்றாள்.

அந்த அம்மா கூடையைக் கவிழ்த்தார். தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்து அழுத்திப் பார்த்தார். நாலைத் தனியே வைத்தார். ஐந்தாவதை எடுத்து என் முகத்துக்கு நேராகக் காட்டி, படபடவென்று பேசினார்.

பெரியவள் இந்தமுறை ஒன்றையும் விடவில்லை. "உங்களுக்குத் தக்காளி வாங்கத் தெரியலையாம்ங்க. பாதி அழுகலாம்ங்க. இந்த ஊர்ல பொறந்து, இவ்வளவு தக்காளி வெளையற ஊர்ல, இப்படி வாங்குவாங்களான்னு கேக்கறாங்க. உங்க வூட்டுக்காரரு பாவமாம்ங்க."

அவள் அப்பா முதல்முறையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது, யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த அம்மா பாதி கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்து, அதிலிருந்து வாணலியை எடுத்து அடுப்பில் வைத்தார்.

இனி ஒன்று பாக்கி. "பிள்ளைங்கள நாளைக்கு அனுப்பச் சொல்லு. ஞாயித்துக்கெழமதான் லீவுன்னும் சொல்லு," என்றேன். பெரியவள் ஏதோ சொன்னாள். அப்பா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நீ ரெண்டாவதச் சொல்லல," என்றேன்.

"சொல்லிட்டேங்க."

சுவரில் மில்காரர்கள் கொடுத்த காலண்டர் தொங்கியது. நான் எழுந்துபோய் சிவப்பு எழுத்தில் இருந்த ஞாயிறுகளின் மேல் விரல் வைத்து, "ஸ்கூல்," என்று சொல்லித் தலையாட்டி இல்லை என்றேன். செவ்வாயில் வைத்து, "ஸ்கூல்," என்றேன். அவர் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வெகுநேரம் மகளைப் பார்த்தார். பெரியவள் தம்பிக்குப் பொத்தான் போட்டுவிட ஆரம்பித்தாள், ஏற்கெனவே போட்டிருந்த பொத்தான்.

அவர் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் தலையைத் தூக்காமல் மொழிபெயர்த்தாள். "ஞாயித்துக்கெழம மில்லு ஓடுது, கட ஓடுது, லாரி ஓடுது. இந்த ஊர்ல ஞாயித்துக்கெழமயே கெடையாது போலன்னு நெனச்சேன்ங்கறாருங்க."

புதன்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். அன்று காலையே குழுவில் நான் மூன்றாவது குரல் செய்தி போட்டேன். ஐந்து முறை பதிவு செய்து அழித்து, ஆறாவதை அனுப்பினேன். நான் சொன்னது தவறு, அந்த மனிதர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று. இதற்குக் கட்டைவிரல்கள் சீக்கிரம் வரவில்லை. மில்லுக்குப் போனவர்களில் ஒருவர் கடைக்கு வந்து, "நீங்க சொன்னதாலதானே போனோம்," என்றார். "ஆமாங்க, நான் சொன்னதாலதான்," என்றேன். அவர் ரேஷன் அட்டைக்கு ஒரு காப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தலைமை ஆசிரியை வராந்தாவில் எதிர்ச் சுவருக்கும் கறுப்புப் பெயின்ட் அடிக்கச் சொல்லி மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் நான் மூவரையும் சந்தைக்குக் கூட்டிப்போகிறேன், அவர்கள் அப்பா அம்மா அங்கே வந்துவிடுகிறார்கள். தக்காளியை அந்த அம்மாதான் எனக்கும் சேர்த்துப் பொறுக்குகிறார்.

ஞாயிறு வகுப்பும் நிற்கவில்லை. வேறு தெருப் பிள்ளைகள் நான்கு பேர் இப்போது சேர்ந்திருக்கிறார்கள். ஆசிரியை கேட் சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார். காலையில் என் மகள் கடைக்கு வந்து அதை வாங்கிப் போய், பன்னிரண்டரைக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். கூடப் போய் உட்காரட்டுமா என்று கேட்டேன். "டீச்சரோட அம்மால்லாம் வரக் கூடாது," என்றாள்.

நான் மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஞாயிறன்று போன் மணி அடித்தால் இப்போதும் பதறிப்போய்த்தான் எடுக்கிறேன். போன ஞாயிறு அவள் மறுபடி தண்ணீர் பாட்டிலை மறந்து வைத்துவிட்டுப் போனாள். அதை மிஷின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளியில் குழாய் இருக்கிறது, தண்ணீர் வருகிறது என்று எனக்குத் தெரியும். பதினோரு மணிவரை தாங்கினேன். பிறகு நடந்துபோய், உள்ளே எட்டிப் பார்க்காமல், பாட்டிலைக் கேட் கம்பியில் மாட்டிவிட்டுத் திரும்பி வந்தேன்.